ஓஸ்லோ – கைரங்கர் வழியில் லோம்: இரண்டு நாள் ஒதுக்கலாமா?

பயணப்பை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஜூலைக் கடைசியில் குடும்பத்தோடு நார்வே வருகிறோம். நான், மனைவி, ஒன்பது வயதுப் பையன், அம்மா (68 வயது). ஓஸ்லோவில் கார் வாடகைக்கு எடுத்து கைரங்கர் போய், அப்படியே பெர்கன் போவதாகத் திட்டம். வழியில் லோம் என்று ஒரு ஊர் வருகிறது. அங்கே ஒரு ராத்திரி தங்குவதா, இரண்டு ராத்திரியா, இல்லை டீ குடித்துவிட்டுக் கிளம்புவதா என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. படங்களில் ஒரு பழைய மரச் சர்ச்சும், அருவி ஓரத்தில் ஒரு பேக்கரியும், சுற்றி மலையும்தான் தெரிகின்றன. அம்மாவுக்கு முழங்கால் வலி, ஏற்றம் ஏற முடியாது. பையனுக்கு ஒரே ஆசை, பனியைக் கையால் தொட வேண்டும். நாங்கள் சைவம், முட்டை சாப்பிடுவோம். போய்ப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பேர்கன்வாசி எழுதியது:

நேரடியாகச் சொல்கிறேன் தம்பி. லோமுக்கு இரண்டு மணித்தியாலம் போதும். சர்ச்சைப் பாருங்கள், பேக்கரியில் கறுவாப் பன் வாங்குங்கள், கைரங்கருக்கு விடுங்கள். நோர்வேக்கு முதல்முறை வருகிறவர்கள் பார்க்க வேண்டியது கடலும் மலையும் சேர்கிற மேற்குப் பக்கம்தான். உள்நாட்டுப் பள்ளத்தாக்கில் பண்ணையும் பைன் மரமும் தவிர வேறு என்ன இருக்கிறது? நான் பிள்ளைகளோடு அந்த வழியால் போகிறபோதெல்லாம் சாப்பிடத்தான் நிறுத்துவேன்.

வடமலையான் எழுதியது:

பேர்கன்வாசி அண்ணா சொன்னதை நான் ஏற்கமாட்டேன், மன்னிக்க வேண்டும். லோமில் இரண்டு மணித்தியாலம் நிறுத்திய எல்லாரும் இதையேதான் சொல்கிறார்கள், ஏனென்றால் அந்த நேரத்துக்குள் பார்க்கக்கூடியது சர்ச்சும் பன்னும் மட்டும்தான்! அந்த இடத்துக்குப் போகிறவர்கள் ஒரு விசயத்தை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும், பிறகு மிச்சம் எல்லாம் தன்னாலே பிடிபடும். அது மழை மிகக் குறைந்த பள்ளத்தாக்கு.

அத்திலாந்திக்கில் இருந்து வருகிற ஈரக்காற்று முழுக்க மேற்குக் கரை மலைகளிலும் யோஸ்டடால் பனியாற்றிலும் கொட்டித் தீர்ந்துவிடும். அந்த மலைகளைத் தாண்டி ஷோக், லோம், வோகோ பக்கம் வரும்போது காற்றில் ஈரமே மிச்சம் இல்லை. பேர்கனில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, ஷோக்கில் ஏறக்குறைய 300 தான். அங்கே விவசாயிகள் நூற்றாண்டுக் கணக்கில் மலை ஓடைகளில் இருந்து வாய்க்கால் வெட்டி, மண்ணில் வெட்ட முடியாத இடங்களில் மரத்தைக் குடைந்து தவாளி செய்து ஒன்றோடு ஒன்று பொருத்தி, வயலுக்குத் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீரை மரச் சட்டுவத்தால் அள்ளி வீசித்தான் பயிரை நனைத்தார்கள். ஐரோப்பாவில் மழைக்குப் பேர்போன நாடுகளில் ஒன்று, அதற்குள் பாசனம் இல்லாமல் பயிர் செய்ய முடியாத ஒரு பள்ளத்தாக்கு. இதைத் தெரிந்துகொண்டு போனால் நீங்கள் பார்க்கிற ஒவ்வொரு பழைய பண்ணையும் வேறு மாதிரித் தெரியும். கறுத்துப்போன பழைய மரக்கட்டிடங்கள் அந்தப் பகுதியில் இத்தனை நின்று பிடிப்பதற்கு அந்த வறண்ட காற்றும் ஒரு காரணம். உங்களுக்கும் இது நல்லது, மேற்கில் நாலு நாள் மழை பிடித்துக்கொண்டாலும் லோமில் பெரும்பாலும் வெயில் அடிக்கும்.

ஆகவே என் பதில் இரண்டு ராத்திரி. முடிந்தால் மூன்று.

தச்சன்மகன் எழுதியது:

சர்ச்சைப் பற்றி நான் எழுதுகிறேன், மரவேலை எங்கள் குடும்பத் தொழில் என்பதால் அங்கே அதிக நேரம் நின்றவன். நார்வே முழுக்க ஒரு காலத்தில் இந்த வகைச் சர்ச்சுகள் நூற்றுக்கணக்கில் இருந்தன, இப்போது மிச்சம் 28. லோமில் இருப்பது 12ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டியது. வெளியிலிருந்து படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள், டிக்கெட் வாங்கி உள்ளே போங்கள். உள்ளே தூண்களின் அடியைக் குனிந்து பாருங்கள். இதற்கு முந்தைய தலைமுறைச் சர்ச்சுகளில் தூணை மண்ணில் குழி தோண்டி நட்டார்கள், அதனால் அடி உளுத்து விழுந்துவிட்டன. இதில் கல் அடித்தளம், அதன்மேல் படுக்கை விட்டம், விட்டத்தின்மேல் தூண். மரம் மண்ணைத் தொடவே இல்லை. எண்ணூறு ஆண்டுக்கு மேல் நிற்பதன் ரகசியத்தில் பாதி அதுதான்.

மீதிப் பாதி தார். ரோட்டுக்குப் போடும் தார் அல்ல, பைன் வேர்க்கட்டைகளை மூட்டம் போட்டு எரித்து வடிக்கிற மரத்தார். அதைத்தான் இன்றைக்கும் சில ஆண்டுக்கு ஒருமுறை பூசுகிறார்கள். வெயில் நாளில் தெற்குச் சுவரின் பக்கத்தில் போய் நின்றால் அந்த வாசனை மூக்கைத் துளைக்கும். கிட்டப் போய்ப் பார்த்தால் சூட்டில் இளகிய தார் பலகையின் ரேகையோடு இறங்கி, ஓட்டு விளிம்பில் மணி மணியாக நிற்கும். அதனாலேயே தெற்குப்பக்கம் வெளுத்துப் பழுப்பாகவும் வடக்குப்பக்கம் கரிக்கட்டை மாதிரிக் கறுப்பாகவும் இருக்கிறது. கையை வைத்துவிட்டால் துணியில் ஒட்டும், பையனிடம் சொல்லிவையுங்கள்.

1973இல் தரையைப் பிரித்து அகழாய்வு செய்தபோது இதற்கும் முன்னால் அங்கே நின்ற ஒரு சர்ச்சின் தூண்குழிகள் கிடைத்தன. பலகை இடுக்குகள் வழியே விழுந்த நாணயங்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். கூடவே ரூன் என்கிற பழைய வட ஐரோப்பிய எழுத்துச் செதுக்கிய ஒரு மரக்குச்சி. ஹோவார்டு என்பவன் குட்னி என்ற பெண்ணுக்கு எழுதியது. கடவுளின் வாழ்த்தும் என் நட்பும், உன்னைப் பெண் கேட்க முழு மனதாக இருக்கிறேன், உனக்குக் கொல்பெய்னோடு வாழ விருப்பமில்லை என்றால் யோசித்து உன் விருப்பத்தைச் சொல்லி அனுப்பு, இதுதான் சாரம். பதில் என்ன வந்தது என்று யாருக்கும் தெரியாது. சர்ச்சுக்குள் நின்றபோது எனக்கு அந்தத் தூண்களைவிட அந்தப் பெண்ணின் ஞாபகம்தான் அதிகம் வந்தது.

பயணப்பை எழுதியது:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. மழை விஷயம் எனக்குச் சுத்தமாகத் தெரியாது. வீட்டில் படித்துக் காட்டினேன், அந்தக் குச்சிக் கடிதத்தைக் கேட்டதும் அம்மா "அந்தச் சர்ச்சுக்குக் கட்டாயம் போகணும்" என்றுவிட்டார். இப்போது பையனின் பனிக்கு வருகிறேன். கால்ஹேப்பிகன் சிகரம் 2,469 மீட்டர், வட ஐரோப்பாவிலேயே உயரம் என்று போட்டிருக்கிறது. ஒன்பது வயதுப் பையனை ஏற்றலாமா?

நிலா_திரொண்ட்ஹைம் எழுதியது:

ஏற்றலாம், ஆனால் எந்தப் பக்கத்தால் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டு வழி உண்டு.

யூவாஸ்ஹிட்டா என்கிற விடுதி 1,841 மீட்டரில் இருக்கிறது, கட்டணம் கட்டி அங்கே வரைக்கும் காரிலேயே போகலாம். அங்கிருந்து ஏற வேண்டிய உயரம் குறைவு, அதனால் சுகம் என்று ஆட்கள் நினைக்கிறார்கள். ஆனால் நடுவில் ஸ்டிக்கபிரேன் பனியாறு குறுக்கே கிடக்கிறது. மேலே புதுப்பனி மூடி வெள்ளை வெளேரென்று சமதரை மாதிரித் தெரியும், அடியில் ஆள் ஆழத்தையும் தாண்டின வெடிப்புகள். வழிகாட்டி இல்லாமல் ஒருவரும் அதில் கால் வைக்கக் கூடாது. கோடையில் நாள்தோறும் வழிகாட்டிகள் ஆட்களை ஒரே கயிற்றில் வரிசையாகக் கட்டிக் கூட்டிப்போகிறார்கள், போய்வர ஐந்து ஆறு மணித்தியாலம். பிள்ளைகளுக்கு வயது எல்லை வைத்திருப்பார்கள், பதியும்போதே கேளுங்கள்.

மற்றது ஸ்பீட்டர்ஸ்டூலன் என்கிற மலைவிடுதிப் பக்கம். அங்கே பனியாறு குறுக்கிடாது, வழிகாட்டி தேவையில்லை, ஆனால் 1,100 மீட்டரில் இருந்து உச்சிவரை கல்லுக்கு மேல் கல்லாக ஏற்றம். பழகின ஆட்களுக்கே எட்டு மணித்தியாலம் எடுக்கும். இறங்கும்போது பிள்ளைகளின் கால் நடுங்கத் தொடங்கிவிடும். உங்கள் மகனுக்கு நான் முதல் வழியைத்தான் சொல்வேன். கயிற்றில் கட்டி நடப்பதே அவனுக்கு ஒரு திருவிழா. உச்சியில் ஒரு சின்னக் கல்வீடு இருக்கிறது, கோடையில் சூடாகக் குடிக்க ஏதாவது கிடைக்கும்.

ஜூலைதானே என்று அரைக்காற்சட்டையோடு போய்விடாதீர்கள். கீழே லோமில் 25 பாகை, மேலே அதே நேரம் ஆலங்கட்டி விழும். கம்பளி உள்ளாடை, காற்றுப் புகாத மேல்சட்டை, கையுறை, தொப்பி கட்டாயம். சப்பாத்து கணுக்காலைப் பிடித்து நிற்க வேண்டும்.

வடமலையான் எழுதியது:

அந்த மலையைப் பற்றி இன்னொரு செய்தி. 1850இல் முதன்முதல் உச்சியில் ஏறிய மூன்று பேருமே லோம் ஊர்க்காரர்கள். ஒரு வழிகாட்டி, ஒரு பள்ளி ஆசிரியர், ஒரு சர்ச் பணியாளர். ஐரோப்பாவில் எத்தனையோ சிகரங்களை வெளியூர்ப் பணக்காரர்கள் வந்து "கண்டுபிடித்த" காலம் அது. இங்கே ஊர்ச்சனமே ஏறியிருக்கிறது. எனக்கு இதில் பெரிய மதிப்பு.

சரி, அம்மாவுக்கு வருவோம். அம்மாவையும் யூவாஸ்ஹிட்டாவுக்குக் கூட்டிப்போங்கள். காரை விட்டு இறங்கினாலே முன்னால் ஏரி, பக்கத்தில் பனி, எதிரே பனியாறு. மகன் பனியைத் தொட உச்சிக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை, வாகனத் தரிப்பிடத்தின் பக்கத்திலேயே தொடலாம். அங்கிருந்து யூவ்ஃபோன்னே என்கிற பனித்திட்டுக்குப் பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். அந்தத் திட்டுக்குள் சுரங்கம் வெட்டி ஆட்களைக் கூட்டிப்போயிருக்கிறார்கள், அடியில் உள்ள பனிக்கு 7,600 ஆண்டு வயது. பனி உருகிக்கொண்டே இருப்பதால் முதலில் வெட்டிய சுரங்கத்தைக் கைவிட்டு வேறு வெட்ட வேண்டி வந்தது. இந்தக் கோடை திறந்திருக்கிறதா என்று விடுதியில் கேட்டுவிட்டுப் போங்கள்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த விசயம். அந்தப் பனித்திட்டுகளுக்கு ஆதிகாலத்தில் மனிதர் ஏன் ஏறினார்கள்? கோடையில் காட்டு றெயின்டீர் மான்களை ஒரு வகை ஈ துரத்தித் துரத்தித் தொல்லை கொடுக்கும், அதில் இருந்து தப்ப அவை குளிர்ந்த பனிமேல் போய்க் கூட்டமாக நிற்கும். வேடர்களுக்கு அது தெரியும். ஒரு மீட்டர் உயரக் குச்சிகளை வரிசையாக ஊன்றி, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு மெல்லிய பலகைத் துண்டைக் கட்டித் தொங்கவிடுவார்கள். காற்றில் அது ஆடும்போது மான் மிரண்டு, வில்லோடு ஆள் பதுங்கியிருக்கிற பக்கம் ஓடும். அந்தக் குச்சிகளும் அம்புகளும் பனியில் புதைந்துபோயின. இப்போது பனி உருக உருக வெளியே வருகின்றன. லாங்ஃபோன்னே என்ற ஒரே திட்டில் 68 அம்புகள், மூத்தவற்றுக்கு 6,000 ஆண்டு வயது. அதே இடத்தில் 2006இல் ஒரு தோல் சப்பாத்துக் கிடைத்தது, அதற்கு 3,300 ஆண்டு. லோமுக்கு மேலே தெரிகிற மலைமுதுகில் லென்பிரேன் என்று ஒரு கணவாய் இருக்கிறது, அங்கே 2011இல் ஒரு முழுக் கம்பளி அங்கி கிடைத்தது, ஏறக்குறைய கி.பி. 300ஆம் ஆண்டைச் சேர்ந்தது, தேய்ந்த இடத்தில் ஒட்டுப்போட்டுத் தைத்திருக்கிறார்கள். குதிரையின் காலில் கட்டுகிற பனிச்சப்பாத்து, கையுறை, சறுக்குவண்டித் துண்டுகள், குதிரைச் சாணம்கூட வந்திருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு மேலாகச் சனம் அதால் போய்வந்திருக்கிறது, கி.பி. 1000 வாக்கில் போக்குவரத்து உச்சம், பிறகு குறைந்து நின்றுபோய் மறந்தே போனது.

இந்தப் பொருள்களை எல்லாம் லோமில் மலை மையம் என்கிற காட்சியகத்தில் வைத்து விளக்குகிறார்கள். சர்ச்சில் இருந்து நடக்கிற தூரம். அம்மாவுக்கு மேடு பள்ளம் இல்லை. முதலில் அந்த மையம், அடுத்த நாள் மேலே பனி, அந்த வரிசையில் போங்கள். மாற்றிப் போனால் பனி வெறும் பனியாகத்தான் தெரியும்.

பேர்கன்வாசி எழுதியது:

வடமலையான், லென்பிரேன் பற்றி நான் செய்தியில் வாசித்ததோடு சரி, அது லோமுக்கு மேலேதான் என்று யோசிக்கவே இல்லை. ஆனால் உங்கள் சாப்பாட்டுக் கதையை விட்டுவிட்டீர்கள். அந்தத் தம்பி சைவம் என்று எழுதியிருக்கிறார். மலைப்பக்க விடுதிகளில் மான், ஆடு, மீன், இதுதான் இரவுச் சாப்பாடு. முன்கூட்டியே சொல்லாவிட்டால் உருளைக்கிழங்கும் சலாட்டும்தான் தருவார்கள்.

அப்புறம் பயணப்பை தம்பிக்கு ஒரு கேள்வி, லோமில் இருந்து கைரங்கர் வழியாகத்தான் பேர்கனுக்கு வரவேண்டும் என்று ஏதாவது கட்டாயமா? சோங்னஃபியெல் வீதியால் வந்தால் என்ன?

நிலா_திரொண்ட்ஹைம் எழுதியது:

சாப்பாட்டுக்கு: பதியும்போதே "முட்டை, பால் சரி, மீனும் இறைச்சியும் வேண்டாம்" என்று எழுதிவிடுங்கள், செய்து தருவார்கள். அந்தப் பள்ளத்தாக்கின் சொந்தச் சாப்பாடு இரண்டு உங்களுக்குப் பொருந்தும். ஒன்று ரொம்மகுரொட், புளித்த பாலாடையைக் காய்ச்சி மாவு போட்டுக் கிண்டுகிற கஞ்சி, மேலே நெய் மிதக்கும், சீனியும் கறுவாத்தூளும் தூவித் தருவார்கள். பக்கத்தில் உப்பிட்ட இறைச்சி வைப்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடலாம். மற்றது புரூனுஸ்ட், பழுப்புச் சீஸ். பால் திரிந்த பிறகு மிஞ்சுகிற நீரை மணிக்கணக்காகச் சுண்டக் காய்ச்சினால் பாற்கோவா நிறத்தில் இறுகும். 1863இல் இதே கூட்பிரான்ஸ்டாலன் பெரும்பள்ளத்தாக்கில் ஆன் ஹோவ் என்ற பெண் அதில் பாலாடையையும் சேர்த்துக் காய்ச்சிப் பார்த்தார். தானியம் விலை போகாத அந்தக் காலத்தில் பண்ணைகளைக் காப்பாற்றியதே அந்தச் சீஸ்தான் என்று இன்றைக்கும் அங்கே நன்றியோடு சொல்வார்கள். சூடான வாஃபிளின் மேல் வைத்து மகனுக்குக் கொடுங்கள்.

கற்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், இது எனக்கு மனவருத்தமான விசயம். மலையில் எங்கே பார்த்தாலும் சுற்றுலாப் பயணிகள் கல்லுக்கு மேல் கல் அடுக்கிப் படம் எடுக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அங்கே கற்குவியல் என்பது வழிக்குறி, சிவப்பில் ஆங்கில டீ (T) எழுத்துப் பூசியிருந்தால் அது மலைச்சங்கத்தின் பாதை. மூடுபனி இறங்கிவிட்டால் அந்தக் குவியல்தான் உயிர். விளையாட்டுக்கு அடுக்கியதை நம்பி ஆள் திசைமாறிப் போகும். லென்பிரேன் கணவாயிலும் பழைய வழிப்போக்கர்கள் அடுக்கிய குவியல்கள்தான் இன்றைக்கும் நிற்கின்றன, அவற்றில் இருந்து ஒரு கல்லை எடுத்தாலும் அது வரலாற்றைக் கலைப்பது. பனி ஓரத்தில் பழைய மரக்குச்சியோ துணியோ கண்டால் எடுக்காமல் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, மலை மையத்தில் சொல்லுங்கள். 1537க்கு முந்தியது எதுவும் சட்டப்படி தானாகவே பாதுகாக்கப்பட்டது.

வடமலையான் எழுதியது:

பேர்கன்வாசி அண்ணா கேட்டது நல்ல கேள்வி. பேர்கன்தான் முடிவு என்றால் சோங்னஃபியெல் வீதி, 55ஆம் இலக்கம், கட்டாயம் யோசிக்க வேண்டும். உச்சி 1,434 மீட்டர், வட ஐரோப்பாவில் இதைவிட உயரமான மலைக்கணவாய் வீதி இல்லை. 1938இல் திறந்தார்கள், வேலையில்லா இளைஞர்கள் வெட்டிய வீதி. குளிர்காலம் முழுக்க மூடியிருக்கும், ஜூலையில் பிரச்சினை இல்லை. அதற்கும் முந்தி அந்த மேட்டால்தான் மேற்கில் இருந்து உப்பும் கிழக்கில் இருந்து தோலும் தாரும் குதிரை முதுகில் போனது.

வழியில் பேவர்டாலன் பள்ளத்தாக்கில் எல்வசேட்டர் என்கிற பழைய பண்ணை விடுதி இருக்கிறது, முற்றத்தில் 33 மீட்டர் உயரத் தூண் ஒன்று, நோர்வேயின் வரலாறு முழுக்கச் செதுக்கியது. முதலில் ஒஸ்லோவில் பாராளுமன்றத்தின் முன்னால் நிறுத்தத் திட்டமிட்டது. செதுக்கிய ராஸ்முசன் போர்க்காலத்தில் நாசிக் கட்சியில் சேர்ந்தவர் என்பதால் 1945க்குப் பிறகு வேலையை நிறுத்திவிட்டார்கள். கடைசியில் 1992இல் இந்தப் பள்ளத்தாக்கில் வந்து நிற்கிறது. அந்தத் தூணை அங்கே நிறுத்தியது சரியா என்று ஆட்கள் இப்போதும் வாதாடுவார்கள். என்னைக் கேட்டால், செதுக்கியவரின் கதையையும் சேர்த்துச் சொன்னால் நிற்கலாம், மறைத்துச் சொன்னால் கூடாது.

தச்சன்மகன் எழுதியது:

பெஸ்ஸெகன் பற்றி யாரும் எழுதவில்லையே? யென்டே ஏரியில் படகில் மெமுருபு போய் இறங்கி, மலைமுதுகின் வழியே நடந்து திரும்புவது. ஒரு பக்கம் யென்டே, பனியாறு அரைத்த கல்மாவு கலந்து பச்சையாக. மறுபக்கம் அதைவிட ஏறக்குறைய 400 மீட்டர் உயரத்தில் பெஸ்வாட்னே ஏரி, கருநீலமாக. நடுவில் கத்தி விளிம்பு மாதிரிக் கல்வழி. நானும் தம்பியும் போனபோது கைகளை ஊன்றித்தான் ஏறினோம்.

நிலா_திரொண்ட்ஹைம் எழுதியது:

அருமையான இடம்தான், ஆனால் ஒன்பது வயதுக்கும் பயணக் களைப்புக்கும் அது அதிகம் என்பது என் எண்ணம். அதற்குப் பதிலாக நால்வரும் அந்தப் படகில் மட்டும் போங்கள். யென்டபு என்கிற கடைசித் துறைவரை போய், அங்கே வாஃபிள் சாப்பிட்டு, அடுத்த படகில் திரும்பலாம். அம்மா நடக்கவே தேவையில்லை, பெஸ்ஸெகனைக் கீழே இருந்து அண்ணாந்து பார்க்கலாம். லோமில் இருந்து காரில் ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேல். படகில் இடம் ஜூலையில் நிரம்பிவிடும்.

பயணப்பை எழுதியது:

இவ்வளவு பேர் இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. வீட்டில் பேசி முடிவு செய்தது இது: ஓஸ்லோவிலிருந்து ஓட்டா வழியாக லோம், மூன்று ராத்திரி. முதல் நாள் மாலையே சர்ச், அடுத்த நாள் காலை மலை மையம், பிற்பகல் ஓய்வு. மூன்றாம் நாள் யூவாஸ்ஹிட்டா, நானும் பையனும் கயிற்றில், அம்மாவும் மனைவியும் விடுதியில். நான்காம் நாள் சோங்னஃபியெல் வழியே பெர்கன் பக்கம். கைரங்கரை விட்டுவிட்டோம், மனைவிக்குக் கொஞ்சம் வருத்தம்தான். யென்டே படகுக்கு எங்கே நாள் கிடைக்கும் என்று பார்க்கிறேன். ஒரு கடைசிச் சந்தேகம். கூடாரம் எங்கே வேண்டுமானாலும் அடிக்கலாம் என்கிறார்களே, உண்மையா? பையன் விடமாட்டேன் என்கிறான்.

வடமலையான் எழுதியது:

உண்மை, 1957ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் பயிர்நிலம், புல்வெட்டும் வயல், வீட்டு முற்றம் இவற்றில் கூடாது. குடியிருக்கிற வீட்டுக்கோ ஹிட்டா என்கிற விடுமுறைக் குடிலுக்கோ 150 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், ஒரே இடத்தில் இரண்டு ராத்திரிவரை கேட்காமல் தங்கலாம். ஏப்ரல் 15 முதல் செப்டெம்பர் 15 வரை காட்டிலும் காட்டோரத்திலும் தீ மூட்டத் தடை, வறண்ட பள்ளத்தாக்கு என்பதால் அங்கே இதை உயிர்போகிற விசயமாகத்தான் பார்ப்பார்கள். பேவர்டாலனில் ஆற்றோரமாக முகாம் திடல்கள் இருக்கின்றன, அம்மாவுக்கு ஒரு சின்ன மரக்குடிலும் மகனுக்குக் கூடாரத்துக்கு இடமும் ஒன்றாகக் கிடைக்கும். அப்படிச் செய்யுங்கள் தம்பி.

படகுக்கு இரண்டாம் நாளின் ஓய்வை எடுத்துவிடாதீர்கள், நாலாவது ராத்திரி ஒன்றைச் சேருங்கள். யூவாஸ்ஹிட்டாவுக்கும் ஒரு நாள் உபரி வைத்துக்கொள்ளுங்கள், காற்று அதிகம் என்றால் வழிகாட்டிகள் அன்றைக்குப் போகமாட்டார்கள்.